தளிகைக்கு வேண்டாத மூக்கு

கோயம்புத்தூர்
20-1-2025

சௌபாக்யவதி ஜாஹ்னவிக்கு அண்ணா முரளீதரன் ஆசீர்வாதம்.

பெருமாள் கிருபையில் இங்கே நானும் ஸுதர்சன் குடும்பமும் சௌக்கியம். காஞ்சீபுரத்தில் நீயும் மாப்பிள்ளை தேசிகனும் சௌக்கியமா என்று எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று என் பிள்ளை ஸுதர்சன் கேலி செய்கிறான். எனக்குக் காது மந்தம். நீ அடைத்த மூக்கால் 'அம்மா' என்பது எனக்கு 'அப்பா' என்று விழுகிறது. போன தடவை பேசி முடித்தபோது யார் யாரைப் பற்றிப் பேசினோம் என்றே எனக்கு விளங்கவில்லை. காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

நம் இருவருக்கும் ஒரே வியாதி வாய்த்திருக்கிறது. மூக்குக்குள் சதை வளர்ந்து அடைக்கிற சைனஸ். உனக்கு இரண்டு தடவை ஆபரேஷன் செய்தும் திரும்ப வளர்ந்தது. எனக்கு ஐப்பசியில்தான் தெரிந்தது. காபி சவசவவென்று இருக்கிறது என்று நான் ஒரு வாரம் முனகினேன். மருமகள் பொடியை மாற்றினாள், பாலை மாற்றினாள், கடைசியில் டிகாஷன் பாத்திரத்தையே மாற்றினாள். அதற்கும் நான் முனகவே, ஸுதர்சன் என்னை டாக்டரிடம் கொண்டுபோனான். ஸ்கேனில் இரண்டு பக்கமும் பெரிய சதை. கத்தி வேண்டாம், இப்போது ஊசி வந்திருக்கிறது, சதை வளரத் தூண்டுகிற சமிக்ஞையை உடம்புக்குள்ளேயே தடுத்துவிடும் என்றார் டாக்டர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்கிறேன். அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது, ஆனால் நேற்றுக் காலை காபி மணந்தது.

உனக்கும் இது பொருந்துமா என்று நான் சொல்லத் தகுதியில்லாதவன். கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவன் வைத்தியம் பேசக் கூடாது. இருந்தாலும், உன் இரண்டாவது ஆபரேஷனில் மயக்கம் தெளியும் நேரத்தில் உனக்கு மூச்சு இழுத்ததும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நானும் மாப்பிள்ளையும் நின்றதும் எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது தடவை அது வேண்டாம். உங்கள் ஊரிலேயே மூக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நதியாவிடம் ஒரு முறை காட்டிவிட்டு எழுது.

உன் நலம் நாடும்,
முரளீதரன்


சின்னக் காஞ்சீபுரம்
3-2-2025

அண்ணாவுக்கு ஜாஹ்னவி அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் க்ஷேமம்.

நீ எழுதினபடி டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். கூரம் கிராமத்துப் பெண். தங்கமாகப் பேசுகிறாள். இவரும் கூட வந்தார். ஸ்கேனைப் பார்த்து, சதை இருக்கிறது, ஆனால் சின்னதுதான் என்றாள். பிறகு வரிசையாகக் கேள்வி. "சமையல்ல வாசனை தெரியாம கஷ்டமா இருக்குதாமா?" என்றாள். ஒரு கஷ்டமும் இல்லை என்றேன். தலைவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்றாள். சாப்பிடுவதில்லை என்றேன். தூக்கம் எப்படி என்றதற்கு இவரே நன்றாகத் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து லேசான வகை என்றாள். அந்த ஊசி கடுமையான வகைக்குத்தானாம். டாக்டர் அப்படி எழுதிக்கொடுத்தால்தான் ஹைதராபாத்தில் நம் பெண் தாராவின் ஆபீஸ் காப்பீட்டிலும் ஒப்புவார்களாம். ஆகவே வைகாசி உற்சவம் முடிந்து, ஆனியில் இன்னொரு தடவை ஆபரேஷன் செய்து சுத்தம் பண்ணிவிடலாம் என்று முடிவு. இவருக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இவர் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்துவிட்டு வரும் நேரம். தளிகை ஆகவேண்டும், இன்னும் உலை வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஜாஹ்னவி


கோயம்புத்தூர்
20-2-2025

சௌ. ஜாஹ்னவிக்கு ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம், உங்கள் சௌக்கியத்துக்குப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

லேசான வகை என்று படித்ததும் மனம் இறங்கியது. உனக்கு என்னைவிடக் கடுமை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு நான் சந்தேகப்படுவது சரியல்ல.

என் செய்தி கேள். ஒவ்வொரு நாளும் ஒரு வாசனை திரும்பி வருகிறது. செவ்வாய்க்கிழமை பேத்தியின் புதுப் பாடப்புத்தகம். வியாழக்கிழமை சந்தனம். சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்தது, மண் எழுந்து மூக்கில் ஏறியது, நான் பால்கனியில் போய் நின்றுவிட்டேன். நனைகிறீர்கள் என்று மருமகள் அதட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஸுதர்சனின் நண்பன் ஒருவன் காஞ்சீபுரம் போனவன் வரதராஜர் கோயில் இட்லி கொண்டுவந்தான். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே சுக்கும் மிளகும் நெய்யும் மந்தாரை இலையும் தனித்தனியாகத் தெரிந்தன. நம் தெரு முழுவதும் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜாஹ்னவி. நீ அங்கேயே இருக்கிற பாக்கியசாலி.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. பதில் போடு.

முரளீதரன்


கோயம்புத்தூர்
2-4-2025

சௌ. ஜாஹ்னவிக்கு ஆசீர்வாதம்.

மாசி போய்ப் பங்குனியும் பாதி தாண்டிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் தவறியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, நான் எழுதியதில் ஏதோ உனக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம் என்று தோன்றியது. எதுவென்று மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸுதர்சன் தாராவோடு போனில் பேசினான். பொங்கலுக்கு அங்கே வந்திருந்தபோது, விடியற்காலையில் அம்மா கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தேன் என்று அவள் சொன்னாளாம். கேட்டதற்கு, காற்றுக்காக வந்தேன் என்றாயாம். மார்கழி போன கையோடு யாராவது காற்றுக்காகக் கூடத்துக்கு வருவார்களா?

தாரா உன் ஸ்கேன் படத்தை அனுப்பினாள். என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் சதை உன்னுடையதைவிடப் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் கட்டிலில் படுத்துத்தான் தூங்கினேன், ஊசிக்கு முன்பும். எனக்கு மூச்சு இழுத்ததில்லை. இது எனக்கு முறையாகப் படவில்லை. ஸுதர்சனைக் கேட்டு இதைப் பற்றிய சில ஆய்வுகளை எடுத்துத் தரச் சொன்னேன். பெண்களுக்கு இந்த வியாதியில் ஆஸ்துமாவும், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாமையும் கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன என்றும், படத்தில் தெரிகிற அளவு ஒன்றாக இருந்தாலும் அவர்கள் படுகிற பாடு அதிகம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்க உத்தேசம்.

கோபம் இருந்தால் கோபமாகவே எழுது.

முரளீதரன்


சின்னக் காஞ்சீபுரம்
15-4-2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். க்ஷேமம்.

என் மூக்கைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற அளவுக்கு உனக்குப் பொழுது போகவில்லை என்று தெரிகிறது. தாராவுக்கு வாய் நீளம். சாய்வு நாற்காலி எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, அதைக் கேள். போன ஏகாதசிக்கு மறுநாள் இவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் பெருமாள் உள்ளில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவை யாரோ இடித்தார்கள். பின்வீட்டுத் தையல்நாயகி. "மாமி! உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? கேஸ் நாத்தம் எங்க வூட்டுக்குள்ள வருது! விளக்க ஏத்திடாதீங்க!" என்று கத்தினாள். பார்த்தால், அடுப்புத் திருகு திறந்தே இருக்கிறது, தீ அணைந்திருக்கிறது. பால் பொங்கி அணைத்திருக்க வேண்டும். நெருப்புப்பெட்டி என் மடியில் இருந்தது. பெருமாள் தையல்நாயகி ரூபத்தில் வந்தார். இவர் வந்ததும் சொன்னேன். "ஜாக்கிரதையா இருக்கப்படாதோ?" என்றார்.

மற்றபடி வாசனை தெரியாததால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் அகத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? பெருமாளுக்குப் படைத்து, அவர் அமுது செய்கிற வரைக்கும் தளிகையை முகரவும் கூடாது, ருசி பார்க்கவும் கூடாது. கல்யாணமாகி வந்த நாளாக நான் அடுப்படியில் மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறேன். அதனால்தான் அந்த டாக்டரிடமும் கஷ்டமில்லை என்றேன். "இவ மூக்கு தளிகைக்கு வேண்டாத மூக்கு, ஆசார மூக்கு" என்று இவர் கோஷ்டியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனியில் ஆபரேஷன் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜாஹ்னவி


கோயம்புத்தூர்
22-4-2025

அன்புள்ள ஜாஹ்னவி,

ஆசீர்வாதம். உன் கடிதத்தில் வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். நெருப்புப்பெட்டி என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன்.

நான் பயந்த சுபாவக்காரன், உனக்குத் தெரியும். கல்லூரியில் முதல்வர் அறைக்குப் போவதற்கு முன் வெளியே நின்று சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பேன். இதையும் அப்படி ஒத்திகை பார்த்துத்தான் எழுதுகிறேன்.

டாக்டர் உன் மூக்கைப் பற்றிக் கேட்டாள். நீ நம் வழக்கத்தைப் பற்றிப் பதில் சொன்னாய். முகரக் கூடாது என்பதால் முகர முடியாதது கஷ்டமில்லை என்றாய். அவள் வேறு ஊர் வழக்கத்தில் வளர்ந்தவள், அதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? வாசனை நன்றாகத் தெரிகிறது என்று எழுதிக்கொண்டிருப்பாள். கூட்டிப் பார்த்ததில் லேசு என்று வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். நான் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் இதில் தப்பாக இருந்தால் யாருக்கும் கேடில்லை, சரியாக இருந்துவிட்டால் ஆனியில் உன்னை வீணாக மயக்கத்தில் போடப்போகிறார்கள்.

இன்னொன்று. நான் காபியைப் பற்றி ஒரு வாரம் முனகியதும் ஒரு வீடே என் மூக்குக்காக அலைந்தது. உனக்கு முனகுவதற்கே இடம் வைக்கவில்லை. நீ மூக்கை இழந்ததை நாங்கள் எல்லோரும் ஆசாரம் என்று மெச்சிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

நீ கடைசியாக எதையாவது முகர்ந்தது எப்போது? எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் சொல். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அதையே கொடுத்துவிடு.

முரளீதரன்


சின்னக் காஞ்சீபுரம்
8-5-2025

அண்ணா,

க்ஷேமம் என்று எழுத வந்து நிறுத்திவிட்டேன். நமஸ்காரம் மட்டும்.

உன் தாளைக் கொடுக்கவில்லை. நீ எழுதினதைக் கொடுத்தால் அதுவும் யாரோ எனக்காகச் சொன்னதாகத்தானே ஆகும்? இவர் பாராயணத்துக்குப் போன நேரம், ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனேன்.

"வாங்கமா. ஐயா வரலியா?" என்றாள் டாக்டர்.

"வரலை. போன தடவை நீங்க கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று நம் வழக்கத்தைச் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப உப்பு எப்டிமா பாக்குறீங்க?"

"கை அளவு."

"காரம்?"

"நிறத்துலயே தெரியும்."

"கருகிடிச்சின்னா?"

"கடுகு வெடிச்சு ஓயற சத்தம் இருக்கே. காதுல கேட்டுண்டே இருப்பேன்."

"எல்லாத்துக்கும் ஒன்னு வெச்சிருக்கீங்க. மூக்க வெச்சி இன்னாமா பண்றீங்க?"

"மூக்குத்தி போட்டுண்டிருக்கேன்" என்றேன்.

சிரித்தாள். நர்ஸ் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு டாக்டர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். ஏதோ சின்னக் குப்பியை மூக்கருகே கொண்டுவந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டு, "இது பெருமாளுக்கு வைக்கப்போறதில்லையே?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"யாருக்கும் வைக்கலமா. தாராளமா மோந்து பாருங்க."

முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, மூடி திருகுகிற சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறக்கச் சொன்னபோது மேஜைமேல் காபிப்பொடி, கிராம்பு, சோப்பு, கற்பூரம். கற்பூரம்கூடத் தெரியவில்லை, அண்ணா. தினமும் ஏற்றுகிறேன்.

பிறகு எல்லாம் வந்துவிட்டது. நாற்காலித் தூக்கத்தைச் சொன்னேன். "ஐயா நல்லா தூங்குறீங்கன்னாரே?" என்றாள். "அவர் தூங்கினப்புறம் நான் எழுந்துபோறது அவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன். தலைவலி மாத்திரை போட்டால் மூச்சு இழுக்கும், அதனால்தான் சாப்பிடுவதில்லை என்றேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?" "சாப்பிடறேளான்னு கேட்டேள். இல்லைன்னேன். நிஜந்தானே?" மூச்சு முட்டும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக்கொள்வதையும் சொன்னேன். அதற்குத்தான் நிஜமாகக் கோபித்துக்கொண்டாள்.

"நான்தாமா திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கணும்" என்றாள் கடைசியில். "ஆம்பளைங்க வந்தாங்கன்னா கூட வர்றவங்க நாலு கம்ப்ளெயின்ட் சேத்து சொல்வாங்க. பொம்பளைங்க வந்தா கூட வர்றவங்களே ஒன்னுமில்ல டாக்டர்னுடுவாங்க. எங்கம்மா அப்டித்தான், இடுப்பு ஒடிஞ்சி கெடந்தப்பகூட பரவால்லன்னாங்க." கடுமையான வகை என்று என் எதிரிலேயே எழுதினாள். மூச்சு இப்படி இருக்கும்போது ஆபரேஷனுக்கு அவசரமில்லை, முதலில் ஊசி என்றாள்.

ஆனியில் ஆபரேஷன் இல்லை என்று இவரிடம் சொன்னேன். "டாக்டர் மாத்திட்டாளா?" என்றார். "நான் மாத்தினேன்" என்றேன். பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

உன் மாசி மாதக் கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் காரணம் கேட்டிருந்தாய். மழை வாசனை, சந்தனம், கோயில் இட்லி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். அந்த இட்லி நம் தெரு வழியாகத்தான் போகிறது. படித்துவிட்டு அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை. பொறாமை. அதைக் கடிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜாஹ்னவி


கோயம்புத்தூர்
19-5-2025

அன்புள்ள ஜாஹ்னவி,

ஆசீர்வாதம். க்ஷேமம் என்று போடாத உன் கடிதம்தான் எனக்கு முதன்முதலாக உன் க்ஷேமத்தைச் சொன்ன கடிதம்.

கோயில் இட்லியைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாக்கியசாலி என்று வேறு எழுதினேன். இனி வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. எனக்கு வந்ததுபோல உனக்கும் உடனே வரும் என்று எதிர்பார்க்காதே. எனக்கு இது புதிதாகப் பிடித்தது, நீ வெகுகாலமாகச் சுமப்பவள். இரண்டு தடவை கத்தி வைத்த மூக்கு உன்னுடையது. வரலாம், தாமதமாக வரலாம், கொஞ்சம்தான் வரலாம். வராமலும் போகலாம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

கோயில் கூட்டத்தில் தூசி அதிகம். ஜாக்கிரதை.

முரளீதரன்


சின்னக் காஞ்சீபுரம்
10-7-2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

காப்பீட்டில் ஒப்பிவிட்டார்கள். ஊசி ஆரம்பித்தாகிவிட்டது. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றதும் இவருக்குப் பெரிய சங்கை, பெருமாளுக்கான பால் பக்கத்தில் வைக்கலாமா என்று. தாரா போனில் அதட்டினாள். இப்போது மேல்தட்டில் தனியாக ஒரு டப்பாவில் இருக்கிறது, பெரிய மனுஷர் மாதிரி.

முசரவாக்கத்திலிருந்து நர்ஸ் திரிஷா வந்து போடுகிறாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், மாமிமா" என்றாள். "சித்தெறும்பா, கட்டெறும்பா?" என்றேன். "போட்டுக்கினு நீங்களே சொல்லுங்க" என்றாள். கட்டெறும்புதான்.

படுத்துத் தூங்குகிறேன், அண்ணா. முதல் நாள் நம்பவில்லை. விழித்தபோது கூரை உத்தரம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. நாற்காலியில் தூங்கினால் எதிர்ச்சுவர்தான் தெரியும். அப்படியே கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூச்சு இழுப்பும் குறைந்திருக்கிறது. மருந்துக்கடைப் பக்கம் போகவில்லை.

வாசனை வரவில்லை. தினமும் காலையில் காபிப்பொடி டப்பாவைத் திறந்து பார்க்கிறேன். காபி பெருமாளுக்கு இல்லை, அதனால் தோஷமில்லை. ஒன்றுமில்லை. "ஊசி வேலை செய்யலையோ? பேசாம ஆபரேஷனே பண்ணிண்டிருக்கலாம்" என்கிறார் இவர். நீ எச்சரித்ததால் நான் அழவில்லை. நீ எச்சரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன், அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜாஹ்னவி


கோயம்புத்தூர்
2-8-2025

அன்புள்ள ஜாஹ்னவி,

ஆசீர்வாதம். நீ படுத்துத் தூங்குகிறாய் என்பதை ஸுதர்சனுக்கும் மருமகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

வாசனையைப் பற்றிக் கேட்கிறாய், கேட்கவில்லை என்றாலும் கேட்கிறாய். மறுபடி ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். நான் படித்தவரை அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊசியால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்கள் சிலர். பெண்கள் ஆரம்பிக்கிற இடமே பள்ளமாக இருப்பதால், அதே தூரம் ஏறினாலும் மேட்டுக்கு வந்து சேருவதில்லை என்கிற மாதிரி சிலர் எழுதுகிறார்கள். உன் விஷயத்தில் எது என்று சொல்ல எனக்கு வழியில்லை. டாக்டர் நதியா நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதே. மாப்பிள்ளை சொன்னால்கூட.

அதை நானே மாப்பிள்ளைக்கு எழுதலாமா என்று நினைத்து ஒரு கடிதம் எழுதி முடித்தேன். தபாலில் போடத் தைரியம் வரவில்லை. மேஜையில் இருக்கிறது. நீ போடச் சொன்னால் போடுகிறேன்.

முரளீதரன்


சின்னக் காஞ்சீபுரம்
14-9-2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். மூச்சு நன்றாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது, மற்றவை நலம்.

மேஜையிலிருக்கும் அந்தக் கடிதத்தைப் போட வேண்டாம்.

நேற்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மழைக்கு முன் வருகிற காற்று. திடீரென்று ஒரு துர்நாற்றம். அழுகினதும் இல்லை, கருகினதும் இல்லை. சவுக்காரமும் சோடா உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்தது போல, தொண்டையைப் பிடிக்கிற நாற்றம். இதை எங்கேயோ அறிவேனே என்று யோசித்துக்கொண்டே இரண்டு வேஷ்டி மடித்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. மூன்றாம் தெரு சிவபாலனின் சாயப்பட்டறை. பட்டுநூலை அவிக்கிற நாற்றம்.

இவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏன்னா, சிவபாலன் பட்டறையைத் திரும்பத் திறந்துட்டானா?" என்று கேட்டேன்.

"எப்போ மூடினான்?"

"ஊருக்கு வெளியில மாத்தப்போறான்னு பேச்சு அடிபட்டதே? அப்புறம் நாத்தமே வரலையே. போயிட்டான்னு இருந்தேன். அவன் பொண்டாட்டியைக் கோயில்ல பார்க்கறச்சேல்லாம், பிழைப்பு போச்சே பாவம்னு ஜாஸ்தியாப் பிரசாதம் குடுத்துண்டிருக்கேன்."

"அவன் எங்கயும் போகலையே" என்றார் இவர். "தினமும்தான் நாறறது. நான்தான் பொழுது விடிஞ்சா திட்டறேனே."

"நீங்க திட்டறது சாக்கடையைன்னு நினைச்சேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பேப்பரை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேச்சு அடிபட்டது தாரா கல்யாணத்துக்கு முன்னாலதானே?" என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கப்புறம்தானே நான் கோஷ்டியில எல்லார்கிட்டேயும்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "எத்தனை வருஷமாடி?" என்று கேட்டார்.

அவரே எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு எழுந்து போய் ஜன்னல் கதவில் கையை வைத்துக்கொண்டு, "நாத்தம் தாங்கலை. சாத்தட்டுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் ஜன்னலைச் சாத்த என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றேன்.

ஜாஹ்னவி